இசைத்தட்டு வந்த வழி – 11: பெர்லினில் அச்சான பாட்டு

கிராமபோன் என்னும் பேசும் யந்திரம் கல்கத்தாவின் வழியாக இந்நாட்டிற்குள் புகுந்த வரலாற்றையும், 1902ஆம் ஆண்டின் இறுதியில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்ற ஒலிப்பதிவாளர் அந்நகரத்தில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலை மெழுகில் வாங்கிக்கொண்டு போனதையும், 1908இல் ஸியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகு ஆங்கிலக் கம்பெனியார் இங்குள்ள வர்த்தகத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டதையும் முன்னைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்தக் கம்பெனியாரோடு போட்டியிட்டு வேறொரு தேசத்தார் இங்கே கடை விரித்த காலமும் உண்டு. அவர்கள் ஜெர்மானியர், கம்பெனியின் பெயர் ஓடியன். சென்னையில் பாடப்பட்டு, பெர்லினில் அச்சாகி, கப்பலேறித் திரும்பி வந்த அவர்களுடைய தட்டுகளின் கதையில் செட்டிநாட்டிற்குப் பெரியதொரு பங்கு இருப்பதால், இந்த அத்தியாயத்தைக் கண்டரமாணிக்கத்திலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

கண்டரமாணிக்கம் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் ஈட்டிய செல்வத்தால் எழுந்த வீடுகள், செட்டிநாட்டின் மற்ற ஊர்களில் இருப்பன போலவே, இங்கும் முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாங்கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிகின்றன. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும், பெல்ஜியம் கண்ணாடிகளும், ஐரோப்பிய எனாமல் பாத்திரங்களும், ரவிவர்மாவின் அச்சுச் சித்திரங்களும் அவ்வீடுகளுக்குள் எவ்வாறு வந்து நிறைந்தன என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றோடு கூடவே சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியும், காகித உறைகளில் இட்ட பிளேட்டுகளும் வந்தன என்பதை எழுதியவர்கள் மிகச் சிலர். எனாமல் பாத்திரத்தில் ஐரோப்பாவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஓடியன் பிளேட்டிலோ வெளியே ஜெர்மனியும் உள்ளே தமிழும் இருந்தன. மற்ற எந்த இறக்குமதிச் சாமானுக்கும் இல்லாத இந்த விசேஷத்தினால்தான் அதைத் தனியே எடுத்து ஆராயவேண்டியிருக்கிறது.

ஓடியன் கம்பெனி 1903இல் பெர்லினில் தோன்றியது. பாரிஸ் நகரத்து நாடகசாலை ஒன்றின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு, குவிமாடத்தோடு கூடிய மண்டபத்தின் சித்திரத்தைத் தன் முத்திரையாகக் கொண்டது. அதுவரையில் பிளேட்டுகளுக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டு இருந்தது. மறுபக்கம் வெறுமையாகவே கிடக்கும். இரண்டு பக்கத்திலும் பாட்டை அச்சிட்டு 1904இல் லைப்ஸிக் சந்தையில் வைத்த பெருமை ஓடியனுக்கு உரியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1909இல், ருஷ்ய சங்கீத கர்த்தாவான சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' இசைக்கோவையை நான்கு தட்டுகளில் பதிந்து, அந்நான்கையும் ஒரே கட்டாக அமைத்து அவர்கள் விற்பனைக்கு விட்டார்கள். புகைப்படங்களுக்கு ஆல்பம் இருப்பதுபோல இசைக்கும் ஓர் ஆல்பம் இருக்கலாம் என்ற எண்ணத்திற்கு அதுவே வித்து என்று சொல்லுவார்கள். ஆல்பம் என்ற சொல்லை இன்று நாள்தோறும் வழங்குகிற நம்மவர்கள், அதன் பூர்வீகம் பின்னாளில் தமிழ் நாடகங்களையும் கீர்த்தனங்களையும் அச்சிட்ட கம்பெனியில் இருக்கிறது என்பதை அறிந்தால் மகிழ்ச்சி அடைவார்கள்.

பிளேட்டு செய்வதற்கு வேண்டிய மூலப்பொருள் அரக்கு. மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் அந்தப் பிசினை உருக்கி, கல்பொடியும் கரிப்பொடியும் பஞ்சுத்தூளும் சேர்த்துப் பிசைந்து, சூடான அச்சுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பிளேட்டு உருவாகிவிடும். உலகத்திற்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி பீகாரிலும் சோட்டா நாகபுரியிலும் அவற்றை அடுத்த காட்டுப் பிரதேசங்களிலும் விளைந்து, கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாகவே வெளிநாடுகளுக்குச் சென்றது. இந்தியாவில் விளைந்த அரக்கு கடல் கடந்து போய், இந்தியாவில் பாடிய குரலைத் தாங்கிக்கொண்டு மீண்டும் கடல் கடந்து வந்தது என்றால், அக்காலத்து வர்த்தகம் எத்தனை சுற்றுவழியில் நடந்தது என்பது விளங்கும்.

முதல் உலகப் போருக்கு முன்னரே ஓடியன் கம்பெனியார் இந்தியாவில் பாட்டுக்களைப் பதிந்தார்கள். போர் மூண்டதும் அந்த முயற்சி நின்றுபோயிற்று. தமிழர்களாகிய நமக்கு முக்கியமானது அவர்களுடைய இரண்டாவது வருகை. அது 1932 முதல் 1938 வரை பம்பாயையும் சென்னையையும் நிலைக்களங்களாகக் கொண்டு நடைபெற்றது. பம்பாயிலிருந்து வடநாட்டுச் சங்கீதமும் சென்னையிலிருந்து தென்னாட்டுச் சங்கீதமுமாக, இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கள் வெளிவந்தன.

சென்னைப் பகுதியின் பொறுப்பை ஏற்றவர் காரைக்குடிக்காரர். 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார், தம் தந்தையார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திவந்த கடையில் வியாபாரம் பழகியவர். அந்தக் கடையில் விற்ற பண்டங்களுள் கிராமபோன் பிளேட்டும் ஒன்று. பிறர் செய்த பிளேட்டை வாங்கி விற்பதோடு அமையாமல், எந்தப் பாட்டு விலைபோகும் என்பதை ஜனங்களோடு பழகி அறிந்த வியாபாரியே பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பதியவும் வேண்டும் என்ற துணிவு அவருக்கு உண்டாயிற்று. கே.பி. வரதாச்சாரியார், கே.எஸ். நாராயண ஐயங்கார் முதலிய நண்பர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு 1932இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் கம்பெனியாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பிற்காலத்தில் ஏவி.எம். என்ற மூன்றெழுத்தால் நாடறிந்த திரைப்பட அதிபருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவருடைய சினிமா வாழ்க்கையை விரித்து எழுதுகிறவர்கள் இந்தப் பிளேட்டு வியாபாரத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள். அது முறையன்று என்பது என் கருத்து. 1935இல் அவர் எடுத்த 'அல்லி அர்ஜுனா'வுக்கும், 1947இல் காரைக்குடிக் கொட்டகைகளில் உருவாகி வெளிவந்த 'நாம் இருவர்' படத்துக்கும் மூலதனமாக நின்றது பணம் மாத்திரம் அன்று. பாட்டைக் காதால் எடைபோடும் பயிற்சியும் ஆகும். அந்தப் பயிற்சி ஓடியன் காலத்தில் கைவந்தது.

பதிவு நடந்த விதத்தைச் சிறிது பார்க்கலாம். 1925க்குப் பிறகு மைக்ரோபோன் வந்துவிட்டமையால், பாடகர் ஊதுகுழலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு கத்தவேண்டிய சிரமம் தீர்ந்தது. தம்பூராவின் மீட்டும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் முதன்முறையாகக் காதில் விழும்படி பதிந்தன. ஆனால் காலத்தின் அளவு மாறவில்லை. பத்து அங்குலப் பிளேட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷமே அடங்கும். தோடி ராகத்தை ஓர் இரவு முழுவதும் வாசித்தாலும் சலிக்காத திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்ற மகாவித்வானும், பிளேட்டு என்று வந்துவிட்டால், இரண்டு பக்கங்களுக்குள் அந்த ராகத்தின் உயிர்நிலைகளைத் தொட்டுக்காட்டிவிட்டு நிறுத்தவேண்டியதுதான். பல்லவியைச் சங்கதிகளோடு விரிக்க இடமின்றி, அநுபல்லவியை விரைவாகக் கடந்து, சரணத்தின் இறுதியில் இரண்டு ஆவர்த்தனம் சுரம் பாடி முடிக்கும் ஒரு புதிய சுருக்க முறையை வித்வான்கள் கற்றுக்கொண்டார்கள். சிலர் இதைச் சங்கீதத்திற்கு நேர்ந்த கேடு என்றார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. கச்சேரி கேட்கும் பாக்கியம் இல்லாத பெண்மக்கள், வளவில் இருந்தபடியே ஒரே கீர்த்தனத்தை ஐம்பது முறை கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்ளுவதற்கு அந்த மூன்று நிமிஷச் சுருக்கமே உதவியாயிற்று.

பாட்டு மெழுகுத் தட்டில் பதிந்தவுடன் அதன்மேல் உலோகம் பூசி ஓர் எதிர்வடிவம் எடுப்பார்கள். அதிலிருந்து ஒரு நேர்வடிவம். அந்த நேர்வடிவத்திலிருந்து அழுத்துவதற்கு உரிய அச்சு. ஆயிரம் பிளேட்டு அழுத்தி அச்சுத் தேய்ந்துபோனாலும், நேர்வடிவம் கையில் இருக்கும்வரையில் புதிய அச்சு வார்த்துக்கொள்ளலாம். மறுபதிப்பு என்பதன் ரகசியம் முழுவதும் இந்த உலோக வடிவங்களில் அடங்கியிருக்கிறது. பாட்டுப் பிறந்த இடம் சென்னையாக இருக்க, அழுத்தும் தொழில் ஜெர்மனியில் நடந்தபடியால், பாடியவர் இன்னார் என்பதை அச்சிடும் தொழிலாளி அறியவேண்டி, பாட்டின் முடிவில் பாடகர் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் பழைய நாளில் உண்டாகியிருந்தது. தமிழ் அறியாத ஒருவர் தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சரிபார்த்த அந்த நிலைமையை எண்ணிப் பார்த்தால், லேபில்களில் காணும் விசித்திரமான எழுத்துக்கூட்டல்களை நாம் குறைகூற மாட்டோம்.

1938இல் கம்பெனியின் சென்னைப் பணி முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மானியச் சரக்குகளுக்குத் தடை ஏற்பட்டது. ஆங்கிலக் கம்பெனியாரின் பிளேட்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் போருக்குப் பிறகும் மறுபடி மறுபடி அழுத்தப்பட்டு, 1960களில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டாகவும், பின்னர்க் கேஸட்டாகவும், குறுந்தகடாகவும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய உடல் எடுத்தன. ஓடியன் பாட்டுக்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. தட்டு விற்றுத் தீர்ந்தபின் மறுபடி அழுத்துவதற்கு இங்கே அச்சும் இல்லை, அழுத்தும் கம்பெனியும் இல்லை. 1938க்கு முன்னால் யார் யார் வாங்கினார்களோ அவர்கள் வீட்டில் இருப்பதே அந்தப் பாட்டின் எஞ்சிய ஆயுள் என்று ஆயிற்று.

இவ்விடத்தில் ஜெர்மனியிலேயே பிற்காலத்தில் நடந்த வேறொரு மறுபதிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும்; இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மூலப்பிரதியின் அருமை நன்றாக விளங்கும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டு வாலிபர்கள் ராக் இசையை ஆங்கிலேயரிடமிருந்தும் அமெரிக்கரிடமிருந்தும் வாங்கி, பாட்டின் வழக்கமான அளவையும் வடிவத்தையும் உடைத்து, ஜாஸையும் கீழ்த்திசைச் சங்கீதங்களையும் அதனோடு கலந்து, இருபது நிமிஷம் வரையில்கூட நீளும் புதுமுறை இசைக்கோவைகளைச் செய்தார்கள். அத்தகைய குழுக்களுள் ஒன்று எம்பிரியோ. கிறிஸ்டியான் புர்ஹார்ட் என்ற தாளவாத்தியக்காரர் 1969இல் மியூனிக் நகரத்தில் தொடங்கிய குழு அது. 1973இல் வெளிவந்த 'வீ கீப் ஆன்' என்ற அவர்களுடைய ஆல்பத்தில் நம்முடைய நாகஸ்வரம் ஒலிக்கிறது. வாசித்தவர் சார்லி மரியானோ. பாஸ்டன் நகரில் பிறந்த இத்தாலிய வமிசத்தவர், பேர்பெற்ற ஸாக்ஸபோன் வித்வான். 1960களில் மலேசியாவுக்குச் சென்றிருந்தபோது அங்கே நாகஸ்வரத்தைக் கண்டு அதன் வசப்பட்டு, பின்னர்த் தென்னிந்தியாவுக்கே வந்து கிராமத்தில் தங்கிப் பயின்றவர். தோப்புத்துறையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய தமிழர்கள் மலாயாவில் கோயில் எடுத்து, அக்கோயில்களில் நாயனத்தை ஒலிக்கச் செய்திராவிட்டால், அமெரிக்கர் ஒருவர் அதைக் கேட்டு ஜெர்மானியக் குழுவுக்குக் கொண்டுபோயிருக்க முடியுமா? பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டிய நகரத்தாருக்கும் இந்தக் கைங்கரியத்தில் பங்கு உண்டு.

அந்த ஆல்பத்தைக் கேட்கும் நம்மவர்களுக்கு முதலில் வியப்பும் பிறகு ஒரு சிறு ஏமாற்றமும் தோன்றலாம். சீவாளியில் உதட்டையும் மூச்சையும் அடக்கி, துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து எழுப்பும் கமகங்களை மரியானோவிடம் எதிர்பார்க்கலாகாது. அவர் தேடியது நாகஸ்வரத்தின் நாதத்தை. அந்தத் திறந்தவெளிக் கம்பீரம் மின்சாரக் கித்தாரின் முழக்கத்தையும் மீறி நிற்கிறது. எம்பிரியோ குழுவினர் 1978ஆம் ஆண்டில் பஸ் ஒன்றில் ஏறித் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்கே தரை மார்க்கமாக வந்ததும், வழிநெடுகப் பதிந்த இசையை மறு ஆண்டில் ஆல்பமாக வெளியிட்டதும் தனியே எழுதத்தக்க வரலாறுகள்.

நமக்கு இங்கே வேண்டியது இவ்வளவே: 'வீ கீப் ஆன்' முதலான அக்குழுவின் ஆல்பங்கள் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு குறுந்தகடாகவும், மீண்டும் கருப்புத் தட்டாகவும் மறுவெளியீடு பெற்றன, முதல் பதிப்பில் இடம்பெறாத பதிவுகளும் சேர்க்கப்பட்டன. அது எப்படிச் சாத்தியமாயிற்று? அந்த இசை காந்த நாடாவில் பதிந்திருந்தது. அந்த ஆல்பத்தை வெளியிட்ட பி.ஏ.எஸ்.எப். என்ற ரசாயனக் கம்பெனியே 1930களில் காந்த நாடாவை முதன்முதலாகத் தொழில்முறையில் தயாரித்த கம்பெனி. நாடா பத்திரமாக இருந்தது. ஒப்பந்தப் பத்திரங்கள் இருந்தன. பெரும்பாலான கலைஞர்களும் ஜீவியவந்தர்களாக இருந்தார்கள். அவர்களைக் கேட்டு, எந்த நாளில் எந்தக் கூடத்தில் யார் எதை வாசித்தார் என்ற குறிப்புக்களையும் சேர்த்து அச்சிட முடிந்தது. சில ஆயிரம் பேரே விரும்பிக் கேட்கும் இசைக்கு அந்நாட்டார் காட்டிய சிரத்தை மிகவும் போற்றத்தக்கது.

ஓடியன் தமிழ்ப் பிளேட்டுகளை மறுவெளியீடு செய்ய விரும்புகிறவருக்கு நாடா இல்லை, உலோக வடிவம் இல்லை, பாடியவர்களும் இல்லை. தேய்ந்த பிளேட்டு ஒன்றே மூலம். சட்டம் குறுக்கே நிற்கிறதோ என்றால், அதுவும் இல்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளே நிலைக்கும். 1938இல் வந்த கடைசிப் பிளேட்டின் ஒலிப்பதிவு உரிமையும் எப்போதோ முடிந்துவிட்டது. (பாட்டின் சாகித்திய உரிமை வேறு. பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பதியவும் ஒலிபரப்பவும் உள்ள உரிமை ஒரு வர்த்தகரிடமிருந்து மெய்யப்ப செட்டியாரின் கைக்கு வந்து, 1949இல் அரசாங்கத்தைச் சேர்ந்த வரலாற்றைப் பின்னர்ப் பார்ப்போம்.) ஆகையால் யாரும் வெளியிடலாம், வெளியிடுவதற்குப் பிளேட்டு வேண்டும்.

இந்தத் துறையில் உருப்படியான வேலை செய்தவர்கள் பம்பாயிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார். சுரேஷ் சாந்த்வண்கர் முதலியோரின் முயற்சியால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாய்ப்பட்ட ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியைப் பெற்று, சேகரிப்பாளர்களிடம் இருந்த நூற்றுக்கணக்கான ஓடியன் தட்டுகளை அவர்கள் கணினிக்கு மாற்றினார்கள். மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் இந்தியப் பிளேட்டுகளின் முத்திரைகளையும் எண்வரிசைகளையும் பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்தவர். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

மாற்றும் தொழில் எளிதன்று. அரக்கு சாராயத்தில் கரையும் தன்மை உடையதாகையால், ஸ்பிரிட்டால் துடைத்தால் பிளேட்டு ஒரே நொடியில் பாழாகிவிடும். வடித்த நீரும் மெல்லிய துணியுமே போதும். பழைய எஃகு முள்ளையும் பயன்படுத்தலாகாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் அது பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டே போகும். எல்.பி. தட்டுக்கு உரிய முள்ளோ மிகச் சன்னமானது. அகன்ற பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையே அது படிக்கும். ஆகவே ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனுள்ள தனி முள் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேகம். நிமிஷத்திற்கு 78 சுற்று என்று பெயர் இருந்தாலும், அக்காலத்து யந்திரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஓடியவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும்; பாடகரின் குரல் கீச்சென்று ஆகும், பிருகாக்கள் மனித சக்திக்கு அப்பாற்பட்டவை போலத் தோன்றும். இன்று இணையத்தில் உலவும் பழைய பாட்டுக்களுள் பல இந்தக் கோளாறோடு இருக்கின்றன. அந்தப் பாடகர் எந்தக் கட்டையில் பாடுவது வழக்கம் என்பதை அறிந்த சங்கீதக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து, தம்பூராவின் ஒலியைக் கவனித்து வேகத்தைத் திருத்தினால் அல்லாமல் சரியான பிரதி கிடைக்காது. இரைச்சலை நீக்குகிறோம் என்று யந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிடுகிறவர்கள், இரைச்சலோடு தம்பூராவின் கார்வையையும் மிருதங்கத்தின் மீட்டுச் சொல்லையும் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் குற்றமில்லை. பாட்டு முழுதாக இருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

இனி, பிளேட்டு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். சென்னையில் வீடு மாற்றி வீடு மாற்றிக் குடியிருந்தவர்கள் கனமான பிளேட்டுக் கட்டுகளை வைத்துக் காப்பாற்றியது அரிது. ஒரே வீடு மூன்று தலைமுறைக்கு நிற்பதும், பங்காளிகள் எல்லாரும் சம்மதித்தாலன்றிச் சாமான் அறையைத் திறக்க முடியாததும் செட்டிநாட்டின் வழக்கம். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கே போட்ட முதல் எல்லாம் போய்விட்ட பிறகு, பல வீடுகளில் புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பழையதை எடுத்து எறியவும் இல்லை. கண்டரமாணிக்கத்தைப் போன்ற ஊர்களின் மேல்மாடி அறைகளில் பிளேட்டுப் பெட்டிகள் கிடைப்பதற்கு இந்தத் துக்ககரமான சரித்திரமும் ஒரு காரணம். ஆனால் வீடுகள் இப்போது ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில் தூணும் கதவும் எனாமல் தூக்கும் விலைக்கு வருகிறபோது பிளேட்டுகளும் வருகின்றன. ஊதுகுழல் கிராமபோனை அழகுக்காக வாங்குகிறவர்கள் அதன்மேல் வைக்க ஏதோ ஒரு தட்டு இருந்தால் போதும் என்று கேட்கிறார்கள். ஒரே நாடகத்தைப் பல தட்டுகளில் பகுத்துப் பதிந்த நாடக செட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆறு தட்டுகளில் அமைந்த கதையில் இரண்டாவதும் ஐந்தாவதும் வெவ்வேறு ஊருக்குப் போய்விட்டால், அந்த நாடகத்தை மறுபடி ஒன்று சேர்ப்பது யாராலும் ஆகாது.

பிளேட்டு வைத்திருக்கும் வீட்டார் அதை விற்கவோ கொடுக்கவோ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேபிலில் உள்ள பெயரையும் வரிசை எண்ணையும், பாட்டு முடிந்தபின் உள்வட்டத்தில் பொறித்திருக்கும் பதிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் முதற்காரியம் ஆகிவிடும். அந்தப் பதிவு எண்ணைக் கொண்டு எந்தப் பாட்டு எந்தப் பாட்டோடு ஒரே அமர்வில் பதிந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிளேட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகத்தைப் போல நிறுத்திவைக்க வேண்டும். செட்டு ஆனால் கயிற்றால் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டும்.

அந்த நாடக செட்டுகளில் நடித்த குரல்கள் எங்கிருந்து வந்தன, மேடையில் விடிய விடிய நடந்த கதைகளை அரைமணி நேரத்துக்குள் யார் சுருக்கி எழுதினார்கள், அவற்றைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் பேசும்படத்திற்கு எவ்வளவு எளிதாகப் பழகிக்கொண்டார்கள் என்பவற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)